அர்ச். அருளானந்தரும் தேவ பராமரிப்பும்

தளவானூர்க் குன்றின் குகையை ஒரு முறையாவது எட்டிப் பார்க்காதவர்கள் நம் பக்கத்தில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். பல்லவ அரசன் மகேந்திரவர்மன் 7-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தப் பாறையைக் குடைவித்தான். தூண்களும் வாயிற்காவலர் சிலைகளும் இன்றும் நிற்கின்றன. குடைவித்த அரசன் மறைந்து 1300 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. உளி பிடித்த சிற்பியின் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆயினும் குகை இருக்கிறது. செய்தவன் போய்விட்டாலும் செய்த பொருள் நிற்கும் என்பது மனிதர் வேலையின் வழக்கம். தச்சன் கட்டில் செய்து கொடுத்துக் கூலி வாங்கிக்கொண்டு தன் ஊருக்குப் போகிறான். கட்டில் உங்கள் வீட்டில் கிடக்கிறது. அவன் இருக்கிறானா இறந்தானா என்று கட்டிலுக்கு என்ன கவலை?

சர்வேசுரனுடைய வேலை அப்படிப்பட்டதல்ல. விளக்கை ஏற்றினால் வீடெல்லாம் வெளிச்சம். விளக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டால் வெளிச்சம் மட்டும் அறையில் தங்கியிராது. சிருஷ்டிகளுக்கும் சிருஷ்டிகருக்கும் உள்ள சம்பந்தம் ஏறக்குறைய இப்படிப்பட்டது. அவர் தம் கையை ஒரு நொடிப்பொழுது எடுத்துக்கொள்வாரானால் தளவானூர்ப் பாறையும் இராது, அதைப் பார்க்கும் கண்ணும் இராது. இல்லாமையிலிருந்து உண்டாக்கினவர் எவரோ அவரே ஒவ்வொரு கணமும் தாங்குகிறார். தாங்குவதோடு நில்லாமல் நடத்தியும் வருகிறார். இதற்குத்தான் தேவ பராமரிப்பு என்று பெயர். முதல் வத்திக்கான் சங்கம் 1870-ல் இதைத் திருச்சபையின் விசுவாச சத்தியமாகத் தெளிவுபடுத்தியது. ஞானோபதேச வகுப்பில் நம் பிள்ளைகள் இதைக் கற்கத்தான் கற்கிறார்கள். சர்வேசுரன் உலகத்தைப் படைத்தார் என்பது மனதில் நின்றுவிடுகிறது. இன்றைக்கும் அவரே காக்கிறார் என்பது பெரும்பாலும் வகுப்போடு மறந்துபோகிறது.

மறந்துபோவதற்குக் காரணம் உண்டு. படைப்பு என்றோ நடந்த காரியம்; அதை நம்புவதால் நமக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பராமரிப்போ இன்றைய காரியம். கிணறு வற்றும்போதும், பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்காதபோதும் இந்தச் சத்தியம் நம் கழுத்தைப் பிடித்துக் கேள்வி கேட்கிறது. ஆகவே இதைப் புத்தக வார்த்தையாக விடாமல் ஒரு மனிதருடைய வாழ்க்கையில் வைத்துப் பார்ப்போம். அவர் நமக்கு அந்நியரும் அல்ல. ஏறக்குறைய 350 ஆண்டுகளுக்கு முன் இந்தச் செஞ்சிச் சீமையின் மண்ணில் காலால் நடந்தவர். அர்ச்சியசிஷ்ட அருளானந்தர் என்று நாமும், ஜான் தெ பிரிட்டோ என்று உலகமும் அழைக்கிற வேதசாட்சி.

அவர் 1647-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 1-ந் தேதி போர்த்துகல் தேசத்து லிஸ்பன் நகரில் பிறந்தார். பெரிய இடத்துப் பிள்ளை. தகப்பனார் அரச உத்தியோகத்தில் பிரேசில் தேசத்துக்குப் போய் ரியோ தெ ஜெனிரோவில் கவர்னராக இருந்து, மகன் சிறு குழந்தையாக இருக்கும்போதே அங்கே இறந்துபோனார். தாயார் பிள்ளைகளோடு விதவையாக நின்றார். இந்தத் தாயை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அருளானந்தர் சரித்திரத்தில் மகனைப் பற்றியே எல்லாரும் பேசுவார்கள். என் மட்டில், தேவ பராமரிப்பு என்கிற பாடத்தை அந்த வீட்டில் அதிகக் கஷ்டத்தோடு கற்றவர் தாயார்தான் என்று தோன்றுகிறது.

சிறுவனை அரண்மனையில் வளர விட்டார்கள். இளவரசர் பேதுரு அவருக்கு விளையாட்டுத் தோழர். 11 வயதில் கடும் நோய் வந்தது. வைத்தியர்கள் கைவிட்டார்கள். அப்போது தாயார் அர்ச். பிரான்சிஸ்கு சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார்: பிள்ளை பிழைத்தால் ஓராண்டு முழுவதும் சேசுசபைச் சந்நியாசிகளின் அங்கியை உடுத்தி வைப்பதாக. பிள்ளை பிழைத்தான். பட்டும் சரிகையும் நடமாடுகிற அரண்மனையில் அந்தச் சிறுவன் கருப்பு அங்கி போட்டுக்கொண்டு ஓராண்டு திரிந்தான்.

வேளாங்கண்ணிக்கும் ஓரியூருக்கும் நேர்ந்துகொண்டு பிள்ளைக்கு மொட்டை போடுகிற நம் தாய்மாருக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் நேர்ச்சை செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கிறதில்லை. பிள்ளையை மரணத்தின் கையிலிருந்து திரும்பக் கேட்கிறோம். சர்வேசுரன் திரும்பக் கொடுக்கிறார். கொடுத்தபின் பிள்ளை நம்முடையது என்று எண்ணிக்கொள்கிறோம். அந்தத் தாயாரும் அப்படித்தான் எண்ணியிருப்பார். ஓராண்டு கழிந்ததும் அங்கி கழன்றது. ஆனால் சிறுவனுடைய மனதிலிருந்து அது கழலவில்லை. 1662-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி, 15 வயதில், அவர் லிஸ்பன் நகரில் சேசுசபையின் நவசந்நியாச மடத்தில் சேர்ந்தார்.

சரீரம் பலவீனமானது. எவோரா நகரில் படிக்கும்போது உடம்பு ஒத்துக்கொள்ளாமல் கொயிம்பிராவுக்கு மாற்றினார்கள். இப்படிப்பட்டவர் இந்தியாவுக்குப் போகவேண்டும் என்று மேலதிகாரிகளுக்கு விண்ணப்பம் மேல் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார். மதுரை மிஷனில் நெடுங்காலம் உழைத்த பல்தசார் தா கோஸ்தா சுவாமி ஆள் சேர்க்க லிஸ்பனுக்கு வந்திருந்தது அவருக்கு வாய்ப்பாயிற்று. உத்தரவு கிடைத்தது. தாயார் விடவில்லை. பாப்பரசரின் தூதரிடமே போய், என் பிள்ளையைத் தடுத்து நிறுத்தும் என்று மன்றாடினார். பலிக்கவில்லை. குருப்பட்டம் பெற்ற சில வாரங்களில், 1673 மார்ச்சு மாதத்தில், அருளானந்தர் கப்பல் ஏறினார்.

அந்தக் கப்பலில் காய்ச்சல் பரவிற்று. பலவீனமான அருளானந்தர் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்துகொண்டு பிழைத்திருந்தார். தமிழ் தெரிந்தவரும், மறவர் நாடு முதல் கொங்கு நாடு வரை வழி தெரிந்தவரும், புதியவர்களுக்கெல்லாம் தகப்பனாக இருக்கவேண்டியவருமான தா கோஸ்தா சுவாமி நடுக்கடலில் இறந்துபோனார். மனிதக் கணக்கில் இது தலைகீழ்க் கணக்கு. அனுபவசாலியை எடுத்துக்கொண்டு அனுபவமற்றவரை விட்டுவைப்பது என்ன பராமரிப்பு? சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்த இடத்தைச் சீக்கிரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் தாண்டவில்லை, ஆனால் பதில் சொல்லவும் துணியவில்லை. சர்வேசுரன் தாங்குகிறார் என்று விசுவசிப்பது ஒன்று. அவர் ஏன் இப்படித் தாங்குகிறார் என்று கணக்குக் கேட்டுத் தெரிந்துகொள்வது மற்றொன்று. முதலாவது நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

செப்டம்பரில் கோவா. மறு ஆண்டு மலையாளத்து அம்பழக்காடு. அங்கிருந்து பிரெயிரே சுவாமியோடு மேற்கு மலைகளைத் தாண்டிக் கால்நடையாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து, 1674 ஜூலை மாதக் கடைசியில், அர்ச். இஞ்ஞாசியார் திருநாளுக்கு முந்தின நாள், செஞ்சிக்கும் தஞ்சாவூருக்கும் எல்லையான இடத்தில் ஓர் ஊரை அடைந்தார். அக்காலத்துக் கடிதங்களில் அதைக் கோலை என்று எழுதியிருக்கிறார்கள்.

செஞ்சி அப்போது யாருடையது? நாயக்கர்களிடமிருந்து பீஜப்பூர் சுல்தானின் படைகள் அதைப் பிடித்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. அருளானந்தர் வந்து மூன்றாம் ஆண்டில், 1677-ல், சிவாஜி வந்து கோட்டையைப் பிடித்தார். பிறகு 8 ஆண்டு முற்றுகையிட்டு 1698-ல் மொகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளைச் சேர்த்து மதில் வளைத்து, மேலே நெற்களஞ்சியமும் சுனையும் வைத்து, இனி எவராலும் அசைக்க முடியாது என்று கட்டிய கோட்டை, சுமார் 110 ஆண்டுக்குள் இத்தனை கை மாறிற்று. 2025-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்ததைப் படித்திருப்பீர்கள். இப்போது அங்கே சுற்றுலாக்காரர்களும் குரங்குகளும்தான். கோட்டை கை மாறின ஒவ்வொரு தடவையும் வரி கொடுத்தவர்கள் கீழே ஏர் பிடித்த குடியானவர்கள். படைகள் போன வழியில் பயிர் நின்றதில்லை. அந்தக் குடியானவர்களுக்குள்ளேதான் அருளானந்தர் வாழ வந்தார்.

எப்படி வாழ்ந்தார் என்பதைச் சற்று நின்று பாருங்கள். தா கோஸ்தா சுவாமி 1640-ல் துவக்கி வைத்த பண்டாரசுவாமிகளின் வழியை அவர் கைக்கொண்டார். அதற்கு முன் தத்துவ போதக சுவாமி என்ற இராபர்ட் தெ நொபிலி பிராமண சந்நியாசியைப்போல் வாழ்ந்தார். அந்தக் கோலத்தில் தாழ்த்தப்பட்ட மக்களிடம் வெளிப்படையாகப் பழக அக்காலத்துச் சாதி வேலி இடங்கொடுக்கவில்லை. பண்டாரசுவாமி இரு பக்கமும் போகலாம். வேலியை அவர்கள் உடைக்கவில்லை, சந்து கண்டுபிடித்தார்கள். அந்த வேலியின் மிச்சம் சில ஊர்களின் கல்லறைத் தோட்டங்களில் நம் காலம் வரை நின்றது நமக்குப் பெருமையல்ல.

காவி நிற அங்கி, தலைப்பாகை, கையில் கோல், காலில் கட்டை. தரையில் படுக்கை. மாமிசம், மீன், முட்டை, மது ஒன்றும் இல்லை. சோறு, கீரை, காய், கிடைத்தால் பால். அதுவும் பெரும்பாலும் ஒரு வேளை. அரண்மனையில் வளர்ந்தவர், அடிக்கடி நோயில் விழுகிறவர், வருஷம் முழுவதும் வெயிலிலும் சேற்றிலும் நடந்தார். பேரும் மாறிற்று. யோவான் என்ற எபிரேயப் பெயரில் தேவ அருள் என்கிற பொருள் இருப்பதால் தமிழில் அருளானந்தர் ஆனார்.

இந்தச் சோற்றுக் கணக்கை ஏன் சொல்லுகிறேன்? சந்நியாசியின் கலயத்தில் விழுகிற பிடி அரிசி யாரோ ஒரு பெண்பிள்ளை தன் வீட்டு அரிசியில் அள்ளிப் போட்டது. அவள் இன்று அடுப்பு மூட்டாவிட்டால் சுவாமிக்கு இன்று சாப்பாடு இல்லை. போர்த்துகல் அரசரின் பொக்கிஷத்தை நம்பி இந்த நாட்டில் ஒரு நாள் நடக்க முடியாது. பரலோக மந்திரத்தில் நாம் கேட்பது ஒரு வருஷத்து நெல்லை அல்ல, இன்றைய ஆகாரத்தை. அருளானந்தர் அந்த மன்றாட்டை அப்படியே எழுத்துப்படி வாழ்ந்தார். தேவ பராமரிப்பு அவருக்கு வானத்தில் இருக்கிற ஒரு தத்துவமல்ல. மத்தியானம் கலயத்தில் விழுகிற அரிசி. விழாத நாளும் உண்டு.

1670-களின் பிற்பகுதியில் அப்படிப்பட்ட நாட்கள் அநேகம். கொள்ளிடம் கரை புரண்டு வெள்ளம் வந்தது. வெள்ளத்துக்குப் பின் பஞ்சம். பஞ்சத்துக்குப் பின் கொள்ளைநோய். இவற்றுக்கு நடுவே சண்டைகள். அந்நாட்களில் மிஷனிலிருந்து போன சேசுசபைக் கடிதங்கள் முழுவதும் இந்தச் செய்திதான். 2024 நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறினபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செண்டிமீட்டர் மழை கொட்டிற்றே, நம் மாவட்டம் முழுவதும் தண்ணீரில் நின்றதே, அதைக் கண்ணால் கண்ட உங்களுக்கு வெள்ளம் என்றால் என்னவென்று தெரியும். ஆனால் அரசாங்கப் படகும் முகாமும் இல்லாத காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வடிந்தபின் விதைநெல்லும் இல்லை, மாடும் இல்லை.

இங்கேதான் நம்மில் பலருடைய விசுவாசம் இடறுகிறது. மழை பெய்தால் சர்வேசுரன் கொடுத்தார் என்கிறோம். மழை கொன்றால் யார் கொடுத்தது? அருளானந்தர் இதற்குப் பிரசங்கம் செய்து பதில் சொன்னதாக நான் படித்ததில்லை. அவர் செய்தது வேறு. அந்த மக்களை விட்டுப் போகவில்லை. மலையாளக் கரைக்கோ, கடலோரப் போர்த்துகீசியர் ஊர்களுக்கோ போய் மழைக்காலம் கழித்துவிட்டு வந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டும், சாகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டும், இருக்கிற சோற்றைப் பகிர்ந்துகொண்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டேயிருந்தார். சர்வேசுரன் தம் சிருஷ்டிகளைத் தாங்குவது பெரும்பாலும் சிருஷ்டிகளைக் கொண்டே. நெல்லை மண்ணைக் கொண்டும், குழந்தையைத் தாயைக் கொண்டும், நோயாளியை அண்டை வீட்டானைக் கொண்டும் தாங்குகிறார். வெள்ளத்தில் சர்வேசுரனுடைய கை எங்கே என்று கேட்கிறவனுக்கு, உன் தோளில் தொங்குகிறதே, அந்தக் கையும் அவர் கொடுத்ததல்லவா என்றுதான் அருளானந்தர் வாழ்க்கை கேட்கிறது.

இப்படிச் சுமார் 11 ஆண்டுகள், பெரும்பாலும் செஞ்சி தஞ்சைப் பகுதிகளில். 1685-ல் மதுரை மிஷன் முழுவதற்கும் அதிபரானார். அதிபராகிறவர்கள் நாற்காலியில் உட்காருவது உலக வழக்கம். இவர் மறு ஆண்டே, வேதம் போதிக்கத் தடை இருந்த மறவர் சீமைக்குள் நுழைந்தார்.

1686 ஜூலை 17-ந் தேதி மங்கலம் என்ற இடத்துக்கு அருகே சேதுபதியின் பிரதானியான குமாரப் பிள்ளையின் ஆட்கள் அவரையும் அவரோடிருந்த உபதேசியார் முதலானவர்களையும் பிடித்தார்கள். விலங்கு, சவுக்கு, தண்ணீரில் அமிழ்த்துதல், கொதிக்கும் பாறையின் மேல் கிடத்தி மிதித்தல். உபதேசிமாரும் அதே அடியை வாங்கினார்கள். அவர்களுக்குப் பீடத்தில் சுரூபம் இல்லை. பிள்ளைகளுக்கு அவர்கள் பெயரை நாம் வைப்பதும் இல்லை. வேதத்தை இந்த நாட்டில் வேரூன்ற வைத்தவர்களில் பாதிப்பேர் அப்படிப் பெயரில்லாதவர்கள்தான்.

மரணத் தீர்ப்பு நிச்சயமாயிருந்தது. ஆனால் இராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனபோது இரகுநாத கிழவன் சேதுபதி அவரைத் தம் முன் அழைத்துப் பேச்சைக் கேட்டார். கேட்டபின், இனி என் சீமையில் போதிக்கக்கூடாது என்று கட்டளையிட்டு விடுதலை செய்தார். யாரும் எதிர்பாராத காரியம். கிறிஸ்தவர்கள் இதைப் புதுமை என்று கொண்டாடினார்கள். விடுதலையான அருளானந்தருக்கோ அதில் ஒரு வருத்தம் இருந்தது என்று சொல்லுவார்கள். வேதசாட்சி முடி கைக்கு எட்டி நழுவிப்போயிற்றே என்று. நமக்கு இது விளங்காத வருத்தம்; விளங்காதிருப்பதே நல்லது. பிழைக்க ஆசைப்படுவது பாவமல்ல.

பிறகு மிஷன் காரியமாக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். 1687-ல் லிஸ்பன் வந்து சேர்ந்தபோது விளையாட்டுத் தோழர் இளவரசர் அல்ல, இரண்டாம் பேதுரு அரசர். அரண்மனை திறந்திருந்தது. அங்கேயும் அருளானந்தர் தரையில் படுத்து, செஞ்சிச் சீமையில் சாப்பிட்டபடியே காய்கறியும் கீரையும் சாப்பிட்டார். தம் மகனுக்கு ஆசிரியராக இருந்துவிடும்படி அரசர் வருந்திக் கேட்டுக்கொண்டார். நல்ல வேலைதான். ஒரு கிறிஸ்தவ அரசனை உருவாக்குவதும் சர்வேசுரனுக்குச் செய்யும் ஊழியமல்லவா? ஆனால் இந்தியாவில் தம்மை நம்பி இருக்கிற சனங்களை அவர் மறக்கவில்லை. 1690 ஏப்பிரலில் திரும்பவும் கப்பல் ஏறினார். இந்த முறை, அடிபட்ட உடம்பை லிஸ்பன் முழுவதும் பார்த்திருந்தபடியால், எதற்குப் போகிறார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

மறவர் சீமையில் தடியத் தேவர் என்றொரு பாளையத் தலைவர். சேதுபதியின் குடும்பத்துக்கு நெருங்கினவர். அவருக்குத் தீராத வியாதி. எந்த மருந்தும் எந்தப் பரிகாரமும் பலிக்கவில்லை. அருளானந்தர் ஓர் உபதேசியாரை அனுப்பினார். அவர் நோயாளியின் பக்கத்தில் நின்று சுவிசேஷத்தை வாசித்துச் செபித்தார். வியாதி நீங்கிற்று. தடியத் தேவர் ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விடவேண்டும் என்று அருளானந்தர் சொன்னார். தேவர் சம்மதித்தார். 1693 சனவரி 6-ந் தேதி, மூன்று இராசாக்கள் திருநாளில், சுமார் 200 பேரோடு அவர் ஞானஸ்நானம் பெற்றார்.

விடப்பட்ட மனைவியரில் இளையவள் கடலாயி, சேதுபதிக்கு மருமகள் முறை. அவள் அழுதுகொண்டு இராமநாதபுரம் போனாள். அவளை ஒரு கெட்ட பெண்ணாகவே நம் பழைய நாடகங்களில் ஆடிக் காட்டுவது வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. வாழ்ந்த வீட்டை ஒரு நாளில் இழந்த பெண்ணின் கண்ணீர் வேடிக்கையல்ல. அவள் வேண்டியது நியாயமா என்பது வேறு. அவள் பட்டது துன்பம் என்பது உண்மை.

சனவரி 8-ந் தேதி அருளானந்தரைப் பிடித்தார்கள். இப்போது ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளையாயிருந்தபோது அவருக்குக் கிடைத்த சுகம் அவரைச் சந்நியாசியாக்கிற்று. தடியத் தேவருக்குக் கிடைத்த சுகம் அவரைக் கொலைக்களத்துக்குக் கொண்டுவந்தது. 1686-ல் அதே சேதுபதியின் முன் நின்றபோது விடுதலை. 1693-ல் அதே சேதுபதியின் வாயால் மரணம். முதல் தடவை சர்வேசுரன் தாங்கினார், இரண்டாம் தடவை கைவிட்டார் என்று சொல்லுவதா? அப்படியானால் சர்வேசுரன் நமக்குப் பிடித்தது நடக்கும்போது மட்டும் இருக்கிறவர் என்று ஆகும். விடுதலையின் நாளில் அவரைத் தாங்கின கை வேறு, ஓரியூரில் தாங்கின கை வேறு அல்ல. இது எனக்கும் உங்களுக்கும் சொல்லுவதற்கு எளிது, ஏற்றுக்கொள்வதற்கு அரிது. சென்ற வருஷம் தவமிருந்து கேட்டது கிடைத்த வீடும், கிடைக்காத வீடும் நம் பங்கில் ஒரே தெருவில் இருக்கின்றன.

வெளிக்கு நாடு கடத்துவதுபோல் சொல்லி, அவரைப் பாம்பாற்றங்கரையிலுள்ள ஓரியூருக்கு அனுப்பினார் சேதுபதி. அங்கே ஆளுகை செய்த தம் சகோதரர் உடையத் தேவருக்கு இரகசியமாகக் கொலை உத்தரவு போயிற்று. உடையத் தேவரும் நோயாளி. தம்மையும் சுகப்படுத்தும்படி கேட்டார். சுகம் கொடுப்பவர் சர்வேசுரன், நான் அல்ல என்பதே அருளானந்தர் மனநிலை. சுகத்தைக் காட்டி உயிரை விலைபேச அவர் ஒப்பவில்லை. பிப்ரவரி 3-ந் தேதி சிறையிலிருந்து தம் சகோதர குருக்களுக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். மை இல்லை, கரியைத் தண்ணீரில் குழைத்து, பேனாவுக்குப் பதில் ஒரு குச்சியால் எழுதினார். அதில் புலம்பல் இல்லை. சர்வேசுரனுடைய வேதத்தைப் போதித்தது தவிர தம்மேல் வேறு குற்றம் சாட்டப்படவில்லை என்பதில் அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

மறுநாள் 4-ந் தேதி, அந்த ஆண்டில் விபூதிப் புதன். மனிதனே நீ மண்ணென்று நினை என்று நம் நெற்றியில் சாம்பல் பூசுகிற நாள். ஆற்றங்கரை மேட்டில் முழந்தாளிட்டுச் செபித்தார். வாளோடு நின்ற ஆள் தயங்கினான். அருளானந்தர் எழுந்து அவனைத் தழுவிக்கொண்டு, செய்யவேண்டியதைச் செய்யும்படி தலை சாய்த்தார். அவருக்கு 46 வயது நிறைய இன்னும் சில நாட்கள் இருந்தன. தலையையும் கை கால்களையும் வெட்டி, உடலைக் கழுமரத்தில் கட்டினார்கள்.

ஓரியூர் மணல் சிவந்திருப்பதை நீங்கள் போய்ப் பார்த்திருப்பீர்கள். சிறு பொட்டலத்தில் கட்டிக் கொண்டுவந்து வீட்டில் வைத்திருக்கிறவர்களும் உண்டு. இந்துக்களும் அங்கே வந்து பொங்கலிடுகிறார்கள். 1853-ல் 9-ம் பத்திநாதர் அருளானந்தருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 1947 ஜூன் 22-ந் தேதி, இந்தியா சுதந்திரம் பெற இரண்டு மாதம் இருக்கும்போது, 12-ம் பத்திநாதர் அவரை அர்ச்சியசிஷ்டராகப் பிரசித்தப்படுத்தினார்.

தாயாரைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று நினைக்காதேயுங்கள். 11 வயதில் மரணத்திடமிருந்து மகனைக் கேட்டு வாங்கினவர், 26 வயதில் கப்பலிலிருந்து அவரைத் திரும்பக் கேட்டுப் பெறாதவர், அப்போது உயிரோடுதான் இருந்தார். ஓரியூர்ச் செய்தி கடல் தாண்டி லிஸ்பன் சேர மாதங்கள் ஆயின. பேதுரு அரசர் துக்கப் பூசைக்கு ஏற்பாடு செய்யவில்லை. நன்றியறிதல் பூசைக்குக் கட்டளையிட்டார். அந்தப் பூசைக்குத் தாயாரும் அழைக்கப்பட்டார். மகனை இழந்த விதவை கருப்பு உடுத்தி வருவதுதான் அந்த நாட்டு வழக்கம். அவர் திருவிழா உடை உடுத்தி வந்தார்.